அபராதம் கட்டினால் குடி நிற்குமா?



சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து அறக்கட்டளை அலுவலகத்தில் அமர்ந்திருந்தபோது ஒரு தாய் வந்தார்கள். மகனுக்கு முப்பது வயதைத் தாண்டிவிட்டது. காந்தி மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றி வரும் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காக இரண்டாவது முறையாகப் பிடிபட்டிருந்தார். முதல் முறை விதித்த 10,000 ரூபாயை மருமகளின் வளையலை அடகு வைத்துக் கட்டினார்கள். இப்போது 15,000 ரூபாய். "தம்பி, கடனா குடுங்க. மாசாமாசம் கட்டிடுறேன். இந்த ஒரு தடவை மட்டும்தான்" என்றார்கள்.

அன்று இரவு நிர்வாகக் குழுவில் பேசினோம். ஏழைக் குடும்பம், கொடுத்துவிடலாம் என்றார்கள் சிலர். குடித்தவனுக்குப் பொதுமக்கள் பணமா என்று கேட்டார்கள் வேறு சிலர். பெரியவர் ஒருவர் மட்டும் இரண்டிலும் சேராமல், "சரி, மூன்றாவது முறையும் அந்த அம்மா வந்தால் என்ன சொல்வோம்?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. அதற்குப் பிறகு வழக்கறிஞர்களிடமும் மருத்துவர்களிடமும் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நம் மஹல்லாவில் இது எந்த வீட்டுக்கும் வரக்கூடிய சங்கதி. வெட்கப்பட்டு மூடி வைப்பதால்தான் அது வளர்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவுதான் இதற்கான பிரிவு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருக்கும் நிலையில் வண்டி ஓட்டுவது குற்றம். 2019-இல் செய்த திருத்தத்தின்படி, முதல் முறை என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இரண்டாவது முறையும் அதற்கு மேலும் என்றால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். ஹெல்மெட் இல்லாததற்குக் கட்டுவதுபோல ரோட்டிலேயே கட்டி முடிக்கும் அபராதம் அல்ல இது. நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய வழக்கு.

நம் மக்களில் பலருக்குத் தெரியாத மூன்று விஷயங்கள் உண்டு.

ஒன்று, இந்தக் குற்றத்தில் தண்டனை பெற்றவர் குறைந்தது ஆறு மாதம் வண்டி ஓட்டத் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் உத்தரவிட வேண்டும் என 20-ஆம் பிரிவு சொல்கிறது. பணத்தைக் கட்டிவிட்டு மறுநாளே வண்டியை எடுக்கலாம் என்று நினைப்பது தவறு.

இரண்டு, 185-ஆம் பிரிவுக் குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை உண்டு என்று 188-ஆம் பிரிவு சொல்கிறது. குடித்திருப்பது தெரிந்தே சாவியைக் கொடுக்கும் முதலாளியும், "பக்கத்துத் தெருதானே, போய்ட்டு வா" என்று அனுப்பும் அண்ணனும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மூன்று, குடித்து ஓட்டி விபத்து நடந்தால் சொந்த வண்டியின் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கிடைக்காது. அடிபட்டவருக்குக் கம்பெனி இழப்பீடு கொடுத்துவிட்டு, அதை வண்டியின் உரிமையாளரிடம் வசூலிக்கவும் வழி உண்டு. வண்டிக் கடன் முடியாத ஒரு குடும்பம் தலைமுறைக் கடனில் விழ இது ஒன்றே போதும்.

இன்னொரு கணக்கையும் மார்க்கெட் வேலைக்கு வரும் வாலிபர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உடம்பு மதுவை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் என்ற அளவில்தான் குறைக்கும். இரவு 11 மணிக்கு ஒருவருடைய அளவு 120 என்றால், விடியற்காலை 4 மணிக்கு லோடு எடுக்கக் கிளம்பும்போதும் 45 இருக்கும். சட்டம் அனுமதிப்பது 30. டீ குடிப்பது, தலையில் தண்ணீர் ஊற்றுவது, எலுமிச்சம்பழம் சாப்பிடுவது எதுவும் அந்த 45-ஐக் குறைக்காது. "நைட்டு குடிச்சதுதான், இப்போ தெளிவாத்தான் இருக்கேன்" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்வது சரியும் அல்ல.

பிறகு ஏன் திரும்பத் திரும்ப?

ஒரு முறை பிடிபட்டவர்களில் பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்கு அபராதமே போதும். ஆனால் இரண்டாவது, மூன்றாவது முறை பிடிபடுகிறவர் பெரும்பாலும் வேறு வகையைச் சேர்ந்தவர். அவருக்குச் சட்டமும் தெரியும், அபராதமும் தெரியும், தாயின் கண்ணீரும் தெரியும். தெரிந்தும் கை கிளாஸை நோக்கிப் போகிறது என்றால் அது குடிநோய். உலக சுகாதார நிறுவனமும் மதுவுக்கு அடிமையாவதை நோய்களின் பட்டியலில் வைத்திருக்கிறது.

நோய் என்பதால் குற்றம் இல்லாமல் போய்விடாது. ரோட்டில் அடிபட்டு மௌத்தாகிறவரின் பிள்ளைகளுக்கு, ஓட்டியவர் நோயாளியா இல்லையா என்பதால் ஆறுதல் கிடைக்காது. ஆனால் குற்றத்தை மட்டும் பார்த்து நோயை விட்டுவிட்டால், அடுத்த விபத்துக்கு நாள் குறித்தது போலத்தான். நம் மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் இந்த வழக்கு பெரும்பாலும் ஒரே நாளில் முடிகிறது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறார், பணம் கட்டுகிறார், வெளியே வருகிறார். அடுத்த மாதம் அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பதற்கு ஆள் இல்லை.

வேறு நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே சில நாடுகளில் தனி நீதிமன்றங்கள் இருக்கின்றன. 1989-இல் அமெரிக்காவின் மயாமியில் போதைப் பொருளுக்கு அடிமையானவர்களுக்காகச் சிகிச்சை நீதிமன்றம் ஒன்று தொடங்கியது. பிறகு 1990-களில் இதே முறையைத் திரும்பத் திரும்பக் குடித்து ஓட்டுகிறவர்களுக்கும் கொண்டுவந்தார்கள். நியூசிலாந்தில் 2012 நவம்பரில் ஆக்லாந்திலும் வைட்டாக்கெரேயிலும் மது, போதைச் சிகிச்சை நீதிமன்றங்கள் திறந்தார்கள். மூன்றாண்டு வரை சிறைக்குப் போக வேண்டியவர்களில், குடியே குற்றத்துக்குக் காரணமாக இருப்பவர்களைத் தேர்ந்தெடுத்து எடுத்துக்கொள்கிறார்கள். திரும்பத் திரும்பக் குடித்து ஓட்டியவர்களும் அவர்களில் உண்டு.

இந்த நீதிமன்றம் நடக்கும் விதம் இதுதான். குற்றத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் பிறகு ஓராண்டோ அதற்கு மேலோ நீதிமன்றத்தின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதே நீதிபதி முன் வந்து நிற்க வேண்டும். நீதிபதி, அரசு வழக்கறிஞர், எதிர்த்தரப்பு வழக்கறிஞர், சிகிச்சை தருகிறவர், நன்னடத்தை அலுவலர் எல்லோரும் ஒரே குழுவாக அமர்ந்து ஒருவருடைய நிலையைப் பேசுகிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் பரிசோதனை நடக்கும். ஒழுங்காக இருந்தால் எல்லோர் முன்னிலையிலும் பாராட்டு. தவறினால் உடனே சிறு தண்டனை. மறுபடி குடித்துவிட்டதை வந்து ஒப்புக்கொள்கிறவருக்குச் சிகிச்சையைக் கூட்டுகிறார்கள். மறைத்துப் பொய் சொல்கிறவரிடம் கடுமை காட்டுகிறார்கள். இடையில் விட்டுவிட்டால் பழைய சிறைத் தண்டனை காத்திருக்கிறது.

இது எளிய வழி அல்ல. "அபராதம் கட்டிட்டுப் போறேன், விடுங்க" என்பதுதான் எளிய வழி. செலவும் அதிகம், இடமும் குறைவு. எல்லோரும் கடைசி வரை நிற்பதும் இல்லை.

அமெரிக்காவின் தெற்கு டக்கோட்டா மாநிலத்தில் 2005-இல் இன்னும் எளிமையான ஒரு முறையைத் தொடங்கினார்கள். குடித்து ஓட்டியவர் தினமும் காலையிலும் மாலையிலும் காவல் நிலையத்துக்கு வந்து மூச்சுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மது இருந்தால் அப்போதே ஓரிரு நாள் காவல். தண்டனை சிறியது, ஆனால் தப்பவே முடியாது, தாமதமும் ஆகாது. ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தார் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இத்திட்டம் நடந்த மாவட்டங்களில் திரும்பக் குடித்து ஓட்டிக் கைதாவது 12 சதவீதம் குறைந்தது. குடும்ப வன்முறைக் கைதுகளும் 9 சதவீதம் குறைந்தன. இரண்டாவது எண்ணை நம் வீட்டுப் பெண்கள் கவனிக்க வேண்டும். குடியை நிறுத்தியதன் பலன் ரோட்டோடு முடிவதில்லை, வீட்டுக்குள்ளும் வருகிறது.

நம் நாட்டில் வழி உண்டா?

குடித்து ஓட்டுகிறவர்களுக்கான சிகிச்சை நீதிமன்றம் நம் திருச்சியில் இல்லை. ஆனால் அதன் துண்டுகள் நம் சட்டங்களிலேயே அங்கங்கே கிடக்கின்றன.

1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி, ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அப்படி விடும்போது போதை தரும் எதையும் தொடக்கூடாது என்ற நிபந்தனையையும் சேர்க்கலாம். போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, சிறிய அளவு வழக்கில் சிக்கிய அடிமை நோயாளியை, அவர் சம்மதத்தோடு, அரசு அங்கீகரித்த சிகிச்சைக்கு அனுப்ப வழி செய்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் மதுவுக்கு இப்படி ஒரு பிரிவு இல்லை. அதனால் முதல் வழியைத்தான் வழக்கறிஞர் மூலம் கேட்டுப் பார்க்க முடியும். கொடுப்பதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் முடிவு.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. கவனக்குறைவாக ஓட்டி உயிர்ப்பலி நடந்த வழக்குகளில் நன்னடத்தைச் சலுகை கூடாது என்று 2000-இல் தல்பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. 2006-இல் மும்பை கார்ட்டர் ரோட்டில் நடைபாதையில் தூங்கிய ஏழு பேர் உயிரிழந்த வழக்கில், குடித்து ஓட்டியவருக்குக் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்தில் மூன்றாண்டுச் சிறையை 2012-இல் அதே நீதிமன்றம் உறுதி செய்தது. ஆக, சிகிச்சை என்ற கதவு விபத்துக்கு முன்னால்தான் திறந்திருக்கிறது. இரண்டாவது முறை பிடிபட்ட நாள் அந்தக் கதவு இன்னும் திறந்திருக்கும் நாள். அன்று குடும்பம் பணத்தைக் கட்டிவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

சிகிச்சை நீதிமன்றத்தில் இருப்பவை நான்கு: உடனடி விளைவு, சிகிச்சை, அடிக்கடி பார்ப்பது, விடாமல் பின்தொடரும் ஓர் ஆள். நீதிமன்றம் இல்லாவிட்டாலும் இந்த நான்கில் பெரும்பகுதியை ஒரு குடும்பம் செய்ய முடியும்.

சாவியை வாங்கி வையுங்கள். சண்டை வேண்டாம். குடிக்காமல் இருக்கும் ஒரு காலை நேரத்தில், "குடித்த நாளும் அதற்கடுத்த நாளும் வண்டி கிடையாது" என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். விதி சிறியதாக இருக்கட்டும். ஆனால் ஒரு முறைகூட விட்டுக்கொடுக்காதீர்கள். ஆறு மாதம் பேசாமல் இருப்பேன் என்று மிரட்டிவிட்டு மறுநாளே சோறு போட்டு சாவியைக் கொடுப்பதுதான் நம் வீடுகளில் நடக்கிறது.

பல வருடமாகத் தினமும் குடிப்பவரை வீட்டில் பூட்டி வைத்துத் திடீரென்று நிறுத்தாதீர்கள். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை முதல் நாளே தொடங்கலாம். அடுத்த நாள்களில் வலிப்பு வரலாம், இல்லாத உருவம் தெரிவதாக உளறலாம். இதைச் சிலர் ஜின், செய்வினை என்று நினைத்து ஓதிப் பார்க்க அழைத்துப் போகிறார்கள். துஆ செய்யுங்கள், ஆனால் முதலில் 108-ஐ அழையுங்கள். இது உயிருக்கு ஆபத்தான நிலை. மருத்துவமனையில் இதற்கு மருந்து உண்டு.

குடியை மறக்கடிக்கும் மருந்து என்று யாராவது சொன்னதைக் கேட்டு, அவருக்குத் தெரியாமல் சோற்றிலோ டீயிலோ கலக்காதீர்கள். டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் இறங்குதல் எல்லாம் வரும். இதய நோய் உள்ளவர் பிழைப்பதே கஷ்டம். மருத்துவர் சொல்லி, அவரே சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மாத்திரை அது.

"கல்யாணம் பண்ணி வைத்தால் திருந்திவிடுவான்" என்று யார் வீட்டுப் பெண்ணையும் மருந்தாக்காதீர்கள். குடியை மறைத்து நிக்காஹ் பேசுவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், புத்தூர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மத்திய அரசின் 14416 மனநல உதவி எண்ணிலும், 14446 போதை மீட்பு எண்ணிலும் கட்டணமில்லாமல் பேசலாம். குடிப்பவர்தான் பேச வேண்டும் என்றில்லை, வீட்டார் பேசினாலும் ஆலோசனை கிடைக்கும்.

ஜமாஅத்தின் கடமை

மது ஹராம் என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்தத் தடையே ஒரே நாளில் வரவில்லை, படிப்படியாக வந்தது என்பதை மதரஸாவில் ஓதிய பிள்ளைகளும் அறிவார்கள். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் குடித்ததற்காகத் திரும்பத் திரும்பக் கொண்டுவரப்பட்ட ஒருவரின் சம்பவம் ஸஹீஹ் புகாரியில் பதிவாகியிருக்கிறது. அவருக்குத் தண்டனை கொடுக்கப்பட்டது. அங்கிருந்த ஒருவர் அவரைச் சபித்தபோது நபியவர்கள் அதைத் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்று எடுத்துச் சொன்னார்கள். தண்டனையும் நின்றது, உறவும் நின்றது. நாமோ பல சமயம் தண்டனையிலிருந்து காப்பாற்றிவிட்டு உறவை வெட்டிவிடுகிறோம். ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பி வெளியே எடுக்கிறோம், பிறகு அவர் ஸஃப்பில் வந்து நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

அந்தத் தாயின் விஷயத்தில் நம் குழு ஆலிம்களிடமும் கேட்டது. பாவத்தால் ஏற்பட்ட கடனுக்கு, தவ்பா செய்த பிறகுதான் ஜகாத்திலிருந்து உதவலாம் என்று ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்கள் கூறுவதை எடுத்துக்காட்டினார்கள். அதனால் ஜகாத் நிதியைத் தொடவில்லை. பொது நிதியிலிருந்து வட்டியில்லாக் கடனாக, மூன்று நிபந்தனைகளோடு கொடுத்தோம். அவர் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தகுதி நீக்கம் முடியும் வரை வண்டிச் சாவி அம்மாவிடம் இருக்க வேண்டும். ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆவுக்குப் பிறகு நம் குழு உறுப்பினர் ஒருவரை வந்து பார்க்க வேண்டும்.

நான்காவது மாதம் அவர் மறுபடி குடித்தார். ஆனால் மறுநாள் காலையில் அவரே போன் செய்து சொன்னார். யாரும் திட்டவில்லை, மறுபடி மருத்துவரிடம் அழைத்துப் போனோம். இப்போது மார்க்கெட்டில் ஒரு மண்டியில் மூட்டை இறக்கும் வேலை பார்க்கிறார். வண்டியை ஓட்ட வேறு டிரைவர் வைத்திருக்கிறார்கள். கடனில் பாதி திரும்ப வந்துவிட்டது. திருந்திவிட்டார் என்று நான் எழுத மாட்டேன். வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறார், அல்ஹம்துலில்லாஹ்.

இனி இத்தகைய விண்ணப்பங்களுக்கு இதே மூன்று நிபந்தனைகள் என்று குழு முடிவு செய்திருக்கிறது. வருகிறவர் பெயர் பள்ளிவாசலிலோ இந்த இதழிலோ வராது. மாலை அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் அலுவலகத்தில் இருப்பேன். அபராத ரசீதோடு வருகிறவர்கள் முடிந்தால் மகனையும் அழைத்து வாருங்கள். அவர் வர மறுத்தாலும் நீங்கள் மட்டுமாவது வாருங்கள். இன்ஷா அல்லாஹ், அங்கிருந்து தொடங்குவோம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்